கைபேசியின் மூல அதிகாரம் யார் கையில்?

சிவகாசியிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் வர்த்தகம் என்பது இன்று பெரும்பாலும் கைபேசி வழியே நடைபெறுகின்ற காரியம். அச்சகத்துக்குக் காலண்டர் மாதிரி வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. வெளியூர்ப் பட்டாசு வியாபாரி சரக்குக்குரிய முன்பணத்தை ஜிபேயில் அனுப்பிவிடுகிறார். ஆலைத் தொழிலாளியின் மகள் கல்லூரி விண்ணப்பத்தை அதே சாதனத்தில் பூர்த்தி செய்கிறாள். இவ்வளவு பணத்தையும் இரகசியத்தையும் தாங்கியிருக்கும் அந்தச் சாதனத்தின் எஜமானர் யார் என்று கேட்டால், விலை கொடுத்து வாங்கியவரே என்று எவரும் தயங்காமல் விடை கூறுவர். சட்டமும் அவ்வாறே கூறும். ஆனால் கருவிக்குள் இயங்கும் மென்பொருள் அவ்வாறு கருதுவதில்லை. அதன் மூல அதிகாரத்தை உரிமையாளர் தாமே முயன்று பெறலாம். அவர் அறியாமலே வேறொருவரும் பெற்றுவிடலாம். ஆகவே, இவ்வதிகாரத்தைப் பற்றிய உரிமை, அபாயம், பரிகாரம் ஆகிய மூன்றையும் கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நிதானமாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

'ரூட்' என்பது யாது?

ஆண்ட்ராய்டு கைபேசிகள் யாவும் லினக்ஸ் என்னும் கருவை அடித்தளமாகக் கொண்டவை. லினக்ஸோ, 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யுனிக்ஸின் வழியில் அமைந்தது. அந்தப் பரம்பரையில் 'ரூட்' என்பது பூஜ்யத்தைப் பயனர் எண்ணாகப் பெற்ற சர்வாதிகாரப் பயனரின் பெயர். எந்தக் கோப்பையும் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் அவருக்குத் தடையில்லை. ஆண்ட்ராய்டை வகுத்தவர்கள் அந்த அதிகாரத்தை வாங்குவோர் கையில் கொடாது ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண்ணை வழங்கி, ஒன்றின் தரவை மற்றொன்று தொடாதவாறு பிரித்து நிறுத்தினர். பட்டாசு ஆலையைக் கண்ணால் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை: மருந்து கலக்கும் அறையும், மருந்து செலுத்தும் அறையும், சரக்கு அடுக்கும் கிட்டங்கியும் குறித்த தூரத்தில் தனித்தனியே நிற்பது, ஓரறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்கும் பொருட்டே அன்றோ? ரூட் அதிகாரம் பெறுவது அந்த அறைகளுக்கு இடையேயுள்ள வெளியை ஒரே கட்டளையில் இல்லாமற் செய்வதற்கு ஒப்பாகும்.

2008-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான ஜி1-இல் ஒரு விசித்திரமான பிழை இருந்தது. விசைப்பலகையில் தட்டிய எழுத்துகள் யாவும், திரையில் தெரிந்த செயலிக்கு மட்டுமன்றி, பின்னணியில் ரூட் அதிகாரத்துடன் திறந்துகிடந்த கட்டளை முனையத்துக்கும் போய்ச் சேர்ந்தன. நண்பருக்கு எழுதிய செய்தியில் 'ரீபூட்' என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டி என்டர் விசையை அழுத்தியவரின் கைபேசி அக்கணமே அணைந்து மீண்டும் துவங்கிற்று. கூகுள் அதை விரைவிலேயே திருத்திவிட்டது. கட்டளையிட்டவரின் எண்ணத்தை ரூட் விசாரிப்பதில்லை, எழுத்தை மட்டுமே நிறைவேற்றும் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்துகிறது.

உரிமை

தம் கைபேசியைத் தாமே ரூட் செய்துகொள்வது இந்தியாவில் குற்றமாகுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு உரியதாக்குவது, உரிமையாளரின் அனுமதியின்றி அவருடைய கணினியில் நுழைவதையும், அதில் மாற்றம் செய்வதையும், அதைச் சேதப்படுத்துவதையுமே. கைபேசியும் அச்சட்டத்தின் நோக்கில் கணினியே. ஆதலால் உரிமையாளர் தம் சொந்தச் சாதனத்தைத் திறப்பதை அப்பிரிவு தீண்டுவதில்லை. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், பிறர் உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவரையே குறிவைக்கிறது. அமெரிக்காவிலும் 2010 ஜூலையில் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் கைபேசியின் பூட்டுகளை உரிமையாளர் திறப்பதற்கு விலக்களித்தது. பழுது பார்க்கும் உரிமைக்கென நம் நாட்டு நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தனி இணையதளம் ஒன்றைத் தொடங்கியதும் இந்த நோக்கத்தைச் சேர்ந்ததே.

இவ்வுரிமைக்கு எல்லைகள் உண்டு. ரூட் அதிகாரத்தைக் கொண்டு கைபேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது, சொந்தச் சாதனமேயாயினும், குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. பழுதுக்கு வந்த பிறர் கைபேசியை அவர் சம்மதமின்றி ரூட் செய்கின்ற கடைக்காரர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளுக்கு உட்படக்கூடும். ஐஎம்இஐ போன்ற சட்டத் தடை நீங்கலாக, உரிமை சாதனத்தைச் சார்ந்ததன்று, உரிமையாளரின் சம்மதத்தைச் சார்ந்தது என்பதே இதன் சாரம்.

அபாயம்

முதல் அபாயம் தரவு இழப்பு. ரூட் செய்வதற்கு முன் பூட்லோடர் எனப்படும் துவக்கப் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த மாத்திரத்தில் கைபேசியிலுள்ள படங்களும் கடிதங்களும் கணக்குப் புத்தகமும் முற்றிலும் அழிந்துபோகும். அழிவது பிழையன்று, திருடன் பூட்டைத் திறந்தால் தரவு அவனுக்குக் கிட்டாதிருக்கும் பொருட்டு வேண்டுமென்றே வகுத்த ஏற்பாடு. சாம்சங் கைபேசிகளில் நாக்ஸ் என்னும் பாதுகாப்பு அடையாளம் ஒருமுறை மாறிவிட்டால், பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது பழைய நிலைக்கு வருவதில்லை.

இரண்டாவது, பணச் செயலிகள் இயங்க மறுப்பது. ரூட் செய்த சாதனத்தைக் கண்டறிந்து செயலியைத் தடுக்கும் சாத்தியத்தை ஆராயுமாறு ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட மின்னணுப் பணப் பாதுகாப்பு நெறிமுறையிலேயே வங்கிகளுக்குக் கூறியுள்ளது. ஆகவே தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், ஆர்டர்கள் குவியும் வேளையில், யுபிஐ செயலி திடீரென மறுத்துவிட்டால் வங்கியைக் குறைகூறிப் பயனில்லை.

மூன்றாவது அபாயமே மிகப் பெரிது. அது உரிமையாளர் விரும்பாமலே வருவது. பஜாரில் மலிவாகக் கிடைத்த பழைய கைபேசி முன்னமே திறக்கப்பட்டதாக இருக்கலாம். இதைக் கண்டறியும் உபாயங்கள் எளியவை. கைபேசியை அணைத்து மீண்டும் துவக்குகையில், மென்பொருளின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்க இயலவில்லை என்ற எச்சரிக்கை ஒரு கணம் தோன்றி மறைந்தால், பூட்டு திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற வரியும், ப்ளே ஸ்டோர் அமைப்புகளில் சாதனச் சான்றிதழைக் குறிக்கும் வரியும் மேலும் துப்புத் தரும். ஐஎம்இஐ எண்ணை நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் எனத் தட்டி அறிந்து, 'கேஒய்எம்' என்ற ஆங்கில எழுத்துகளுடன் 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது கறுப்புப் பட்டியலில் உள்ளதா என்பது தெரியவரும். வாங்குவதற்கு முன் இதைச் செய்வதே விவேகம்.

ரூட் இல்லாமலேயே ரூட்டுக்கு நிகரான அதிகாரத்தை வஞ்சகர் பெறுவதும் உண்டு. போக்குவரத்து அபராதம் என்றும் கல்யாண அழைப்பிதழ் என்றும் பெயரிட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்னும் செயலிக் கோப்பை நிறுவி, 'அக்சஸிபிலிட்டி' அனுமதியையும் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், திரையைப் படிக்கவும் ஓடிபியைக் கவரவும் அக்கோப்புக்கு அதுவே போதும். பண்டிகைக் காலத்தில் சிவகாசியின் பெயரைச் சொல்லியே இத்தகைய மோசடிகள் நடக்கின்றன. மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை செய்திருக்க, பாதி விலைக்குப் பட்டாசு என்று போலித் தளங்கள் விளம்பரம் செய்வதைக் குறித்துத் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு 2024 தீபாவளிக்கு முன் பொதுமக்களை எச்சரித்தது.

கோளாறும் தீர்வும்

கணினிக் கல்வி பயிலும் இளைஞர் பலர், மடிக்கணினி வாங்க வசதியின்றிக் கைபேசியிலேயே டெர்மக்ஸ் என்னும் கட்டளை முனையத்தை நிறுவிப் பைத்தான் முதலியவற்றைக் கற்கின்றனர். அதில் ஒரு பிழைச் செய்தி தோன்றியதும் ரூட் செய்தால் சரியாகிவிடும் என்ற யோசனையைப் பின்பற்றிப் பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொள்கின்றனர். உண்மையில் அவர்கள் சந்திக்கும் கோளாறுகளுள் பெரும்பாலானவற்றுக்கு ரூட் மருந்தன்று.

பொதிகளை நிறுவ முடியவில்லை என்றால், ஆண்ட்ராய்டு 10-இன் புதிய கட்டுப்பாடு காரணமாக 2020-க்குப் பின் ப்ளே ஸ்டோரில் நெடுங்காலம் புதுப்பிக்கப்படாதிருந்த பழைய டெர்மக்ஸா என்று முதலில் பார்க்க வேண்டும். எஃப்-ட்ராய்டு என்னும் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் தொல்லை தீரும். 'பர்மிஷன் டினைடு' என்று வந்தால், டெர்மக்ஸுக்குச் சேமிப்பக அனுமதி கொடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். கொடுத்தும் வந்தால், பொதுச் சேமிப்பகத்தில் வைத்த நிரலை அங்கிருந்தபடியே ஓட்ட ஆண்ட்ராய்டு இடங்கொடாது என்பதறிந்து, டெர்மக்ஸின் சொந்த அடைவுக்கு அதை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 12-இலும் அதற்குப் பின்னும் 'சிக்னல் 9' என்ற செய்தியுடன் வேலை நடுவில் நின்றால், பின்னணிக் கிளைச் செயல்முறைகள் மொத்தம் 32-க்கு மேற்படலாகாது என்ற விதியே காரணம்; புதிய பதிப்புகளின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அதைத் தளர்த்தும் வழியுண்டு. கணினியுடன் இணைத்து ஏடிபி என்னும் கருவி வழியே கட்டளை கொடுக்கையில் 'அன்ஆதரைஸ்டு' என்று வந்தால் கைபேசித் திரையில் தோன்றும் அனுமதிக் கேள்விக்குச் சம்மதம் தர வேண்டும். சாதனமே தென்படவில்லையெனில் கேபிள் மின்னேற்றத்துக்கு மட்டும் உரியதா என்று பார்க்க வேண்டும். வேண்டாத முன்நிறுவல் செயலிகளை அந்த ஏடிபி வழியாகவே, ரூட் இன்றி, தற்போதைய பயனருக்கு மட்டும் நீக்கிவிடலாம். தமிழ் எழுத்துகள் முனையத்தில் கொம்பும் காலும் பிரிந்து சிதறித் தெரிவதும், சம அகலக் கட்டங்களில் எழுத்தை அடைக்கும் முனையத்தின் இயல்பால் நேர்வது. அதையும் ரூட் சரிசெய்யாது.

ரூட் செய்தே தீருவேன் என்பவருக்குரிய எச்சரிக்கைகளும் உண்டு. மேஜிஸ்க் என்னும் கருவி துவக்கப் படிமத்தில் ஒட்டுப்போட்டு ரூட் அளிக்கிறது. அப்படிமம் கைபேசியின் பதிப்பு எண்ணுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்ததாக இருத்தல் வேண்டும், திருத்தாத மூலப்படி ஒன்றைக் கணினியில் பத்திரமாக வைத்திருத்தலும் வேண்டும். தவறினால் கைபேசி இலச்சினையைக் காட்டிக்காட்டியே நின்றுவிடும். அப்போது ஃபாஸ்ட்பூட் என்னும் துவக்க நிலை வழியாக அம்மூலப்படியைத் திரும்ப ஏற்றுவதே உபாயம். ரூட் அதிகாரம் கேட்கும் 'சூ' கட்டளைக்கு மறுப்பு வந்தால் மேஜிஸ்கின் அனுமதிப் பட்டியலில் முனையத்துக்கு இசைவு உண்டா என்று பார்க்கலாம். மென்பொருள் புதுப்பித்தலுக்குப் பின் ரூட் மறைவது இயற்கை. படிமம் மாறிவிட்டதே காரணம். திருத்திய மென்பொருள் உள்ளிருக்கும்போதே பூட்லோடரை மறுபடி பூட்டுவது மட்டும் கூடவே கூடாது; கைபேசி முற்றிலும் செயலிழந்துவிடக்கூடும்.

பரிகாரம்

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் கைபேசியின் இணையத்தைத் துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைத்தல் வேண்டும். பின்னர் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இன்றி மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு ஒரு வரம்புக்குட்பட்டது. ஓடிபியைத் தாமே கொடுத்தது போன்ற அசிரத்தை இருப்பின், தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் வாடிக்கையாளரைச் சாரும்; தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். கைபேசி ரூட் செய்யப்பட்டது என்று வங்கி வாதிக்கக்கூடும். ஆயினும் வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கிக்கே உரியது என்று அச்சுற்றறிக்கை தெளிவாகக் கூறுகிறது.

இங்கே இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. வெடிமருந்து கையாளும் இடத்துக்குள் கைபேசி கொண்டுசெல்லலாகாது. ஆகவே காலையில் போன பணத்தின் குறுஞ்செய்தியைத் தொழிலாளி மாலையில் வெளியே வந்த பின்பே காண்கிறார். வேலை நாள்களைக் கணக்கிடும் ரிசர்வ் வங்கி விதிக்கு இத்தாமதம் பெரிதன்று. ஆனால் பணம் கைமாறிப் போகுமுன் அதை முடக்குவதற்கு 1930 வழங்கும் வாய்ப்பு மணிக்கணக்கில் தேய்ந்துவிடும். யுபிஐயின் நாள் வரம்பைக் குறைத்து வைப்பதும், சேமிப்பை யுபிஐயில் சேராத வேறு கணக்கில் வைப்பதும், வங்கி அறிவிப்பை வீட்டிலுள்ளோர் பார்க்கும் மின்னஞ்சலுக்கும் வரச் செய்வதும் இதற்குத் தக்க முன்னேற்பாடுகள்.

வங்கி முப்பது நாள்களுக்குள் பதிலளியாவிடில், அல்லது அதன் பதில் திருப்தி தராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். உதவி எண் 14448. பழுதுக்குக் கொடுத்த கைபேசியைக் கடைக்காரர் கெடுத்திருந்தாலும், திறக்கப்பட்ட கைபேசியை மறைத்து விற்றிருந்தாலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் வழக்கும் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணம் கிடையாது. இரசீது இல்லாத வழக்கு வலுவிழந்துவிடும் என்பதால், ஐஎம்இஐ எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குவது வாங்குவோர் கடமை. சம்மதமின்றி ரூட் செய்ததற்காக நஷ்டஈடு கோருவோர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாணையராக விளங்கும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் முறையிடலாம்.

மூல அதிகாரம் உரிமையாளருக்கு உரியதே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பயில விரும்புகிறவர் சிம் கார்டும் வங்கிச் செயலியும் இல்லாத பழைய கைபேசி ஒன்றில் பயிலட்டும். குடும்பத்தின் பணம் இருக்கும் கைபேசி பூட்டிய நிலையிலேயே இருக்கட்டும். பழுதுக்குக் கொடுக்குமுன், வசதியுள்ள கைபேசிகளில் பராமரிப்பு நிலையை இயக்கி, இல்லாதவற்றில் தரவை நகலெடுத்து அழித்துவிட்டுக் கொடுக்கட்டும். 1930 என்ற எண்ணை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருப்பது, கைபேசியைப் பற்றி எவ்வளவு கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஒருசேரப் பயன்படும் முதற்பாடம்.