எம்டனும் சுவாமி மலைப் பீரங்கியும்

நெல்லியாளம் கடைவீதியில் தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும். 'அவன் பெரிய எம்டன்' என்று தமிழில் சொன்னால் எமகாதகன், லேசில் பிடிபடாதவன் என்று பொருள். மலையாளத்தில் 'எமண்டன்' என்றால் பிரம்மாண்டம்; ஒரு பலாப்பழம்கூட எமண்டனாக இருக்கலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கும் இந்தச் சொல் புதிதல்ல. சிங்களத்திலும் தந்திரக்காரனுக்கு இதே பெயர்தான்.

சொல்லின் ஊர் ஜெர்மனி. 1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணி வாக்கில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. கேப்டன் கார்ல் பான் முல்லர். போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் ஊர் விளக்குகள் அணைக்கப்படவில்லை. இலக்கைத் தேட வேண்டிய சிரமம்கூட அவருக்கு இல்லை. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்று சுமார் 130 குண்டுகள் சுட்டார். பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரைப் பீரங்கிகளும் பதிலுக்குச் சுட்டன. கப்பல் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

பீரங்கிக்காரர்கள் தூங்கிவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இருட்டில் நகரும் கப்பலைக் கரையிலிருந்து அடிப்பது, முதலில் ஒரு கணக்குப் பிரச்சினை. கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

விடை நெல்லியாளத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். தோட்டத்து வளைவில் நின்று பள்ளத்தில் வரும் பஸ்ஸைப் பாருங்கள். காலடிக்கு அருகே வந்துவிட்டால் தலையை நன்றாகக் குனிய வேண்டும். தொலைவில் இருந்தால் லேசாகக் குனிந்தால் போதும். நிற்கும் உயரம் தெரிந்திருந்து, குனியும் கோணத்தையும் அளந்துவிட்டால், பள்ளிக்கூட முக்கோணவியலே தூரத்தைச் சொல்லிவிடும். இதையே கருவியாக்கி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி வாட்கின் கடற்கரைக் கோட்டைகளுக்குக் கொடுத்தார். தொலைநோக்கியைக் கப்பலின் நீர்க்கோட்டில் வைத்தால் தூரம் கிடைத்துவிடும்.

ஆனால் கருவிக்கு உயரம் வேண்டும். 100 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், 5 கிலோமீட்டரில் இருக்கும் கப்பலுக்கும் 6 கிலோமீட்டரில் இருக்கும் கப்பலுக்கும் கோண வித்தியாசம் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு. அளந்துவிடலாம். 5 மீட்டர் உயரத்திலிருந்தோ அது டிகிரியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அலை ஏறி இறங்குவதிலேயே கணக்கு கெட்டுப்போகும். சென்னைக் கடற்கரை தட்டை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதுபோன்ற இடத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு நிலையங்கள் அமைத்து, இரண்டும் ஒரே கப்பலின் திசையை ஒரே நேரத்தில் குறித்தாக வேண்டும். இரவில், எதிர்பாராமல் வந்த கப்பலிடம் அது நடக்கிற காரியமா?

தூரம் தெரிந்தாலும் வேலை முடியாது. 6 அங்குலப் பீரங்கியின் குண்டு 10 கிலோமீட்டர் போய்ச் சேர இருபது நொடிக்கு மேல் ஆகும். 20 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் அதற்குள் 200 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுடுவதில் பயனில்லை, அது வரப்போகும் இடத்தைச் சுட வேண்டும். முதல் குண்டு தண்ணீரில் விழுந்து எழுப்பும் நீர்த்தூணைப் பார்த்து அடுத்த குண்டைத் திருத்துவார்கள்.

உயரம் என்றால் திருகோணமலை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. 1622இல் போர்த்துகீசியர் அங்கிருந்த பழைய கோயிலை இடித்து, அதே கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். பின்னால் பிரெடெரிக் கோட்டை ஆன அந்த இடத்தில் இரண்டு உலகப் போர்களின்போதும் கரைப் பீரங்கிகள் அமர்த்தப்பட்டன. துறைமுக வாயிலை ஆஸ்டன்பர்க் மேடு பார்த்துக்கொண்டது. சென்னைக்கு வாய்க்காத வசதி எல்லாம் இங்கே இருந்தது.

1942 ஏப்ரல் 9 காலை எதிரி வந்தான், வானத்தில். ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் கரைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு 120க்கும் மேற்பட்ட விமானங்களை அனுப்பின. கப்பலை அடிக்கச் செய்த கரைப் பீரங்கி, தலைக்கு மேல் பறப்பதை என்ன செய்யும்? விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் போர் விமானங்களும்தான் மல்லுக்கட்டின. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தொட்டி மேல் விழுந்து தொட்டி நாள்கணக்கில் எரிந்தது. சென்னையில் எரிந்ததும் எண்ணெய்தான். தாக்குதலுக்கு அஞ்சி முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு ஓடிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் மட்டக்களப்புக்கு அப்பால் விரட்டிப் பிடித்து மூழ்கடித்தார்கள்.

ரேடார் வந்து தூரக் கணக்கை எளிதாக்கியது. ஆனால் அதற்குள் கப்பல் கரைக்கு அருகே வர வேண்டிய தேவையே போய்விட்டது. 1956இல் பிரிட்டன் தன் கரைப் பீரங்கிப் பிரிவையே கலைத்துவிட்டது. பிரெடெரிக் கோட்டையில் பழைய பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன. கோணேசரைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கோட்டை வழியாகத்தான் ஏற வேண்டும். வழியெல்லாம் புள்ளிமான்கள் மேய்கின்றன.