கரண்ட் போனாலும் பேசும் கம்பி

(இ.சி.இ. இரண்டாம் ஆண்டு மாணவன்)



2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரை கடந்தது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் குப்பம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அன்று என் அக்கா செங்கல்பட்டில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். இரவு கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போனில் சிக்னலும் போனது. அம்மா விடிய விடியத் தூங்கவில்லை. மறுநாள் அப்பா பஸ் பிடித்துப் போன பிறகுதான் பெண் குழந்தை, இருவரும் நலம் என்று தெரிந்தது. இடையில் இருப்பது 30 கிலோமீட்டர்!

கையில் இருக்கும் செல்போன் நேராக அக்காவின் போனோடு பேசுவதில்லை. டவர், டவருக்குக் கரண்ட், அதன் பேட்டரி, மண்ணுக்குள் ஓடும் கேபிள், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று போனால் எல்லாம் போச்சு. ஹாம் ரேடியோ என்கிற அமெச்சூர் ரேடியோவில் இரண்டு செட், இரண்டு பேட்டரி, இரண்டு ஏரியல், இரண்டு ஆள். நடுவில் யாரும் கிடையாது.

2004-ல் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி தன் குழுவோடு அந்தமான் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். உலகத்தில் உள்ள ஹாம்களோடு அந்தமானிலிருந்து பேசுவதுதான் நோக்கம். பொழுதுபோக்கு என்றே சொல்லலாம். டிசம்பர் 26 காலை 6.29-க்குப் பூமி அதிர்ந்தது. பிறகு சுனாமி. தீவுகளுக்கும் நம் கரைக்கும் இடையே தொடர்பு அறுந்த நேரத்தில் அவர் மறுபடி செட்டைப் போட்டு, யார் உயிரோடு இருக்கிறார், என்ன வேண்டும் என்று செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். அதே அலைதான் நம் மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் அடித்தது. அங்கே தற்செயலாக ஒரு செட் இருந்தது. தற்செயலை நம்பி நாம் உட்கார்ந்திருக்க முடியுமா?

சரி, செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் எப்படிப் பேசுவது? கையடக்க செட் வேலை செய்யும் 2 மீட்டர் அலைவரிசை (144-146 மெகாஹெர்ட்ஸ்) ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஏரியல் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். 9 மீட்டர் உயரம் என்றால் 12 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் 9 மீட்டர் வைத்தால் 25. நமக்குப் போதாது, குன்றுகள் வேறு மறைக்கும். நடுவே திருக்கழுக்குன்றம் மலை உச்சியில் ஒருவர் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தால் போதும். ஆனால் புயல் ராத்திரியில் அந்தப் படியை யார் ஏறுவது?

அதனால் 40 மீட்டர் அலைவரிசை. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் நீளம் 142.5-ஐ 7.1-ஆல் வகுத்தால் சுமார் 20 மீட்டர். சாதாரண செம்புக் கம்பி! அதை உயரமாகக் கட்டாமல் தாழ்வாக, நாலைந்து மீட்டரில் கட்ட வேண்டும். அப்போது அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி சுற்றிலும் கீழே இறங்கும். மலை, மரம் எதுவும் தடுக்காது. இரவில் சில சமயம் 7 மெகாஹெர்ட்ஸ் மேலே போய்த் திரும்பி வராது. அப்போது 80 மீட்டருக்கு மாற வேண்டும், கம்பியும் இரட்டிப்பு நீளம். கேட்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது 3 ஆம்பியர் இழுக்கும் சின்ன செட் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு நேரம்தான் பேசுகிறோம் என்றால் சராசரி 0.75 ஆம்பியர். யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி 9 மணி நேரம் தாங்கும். பழைய பேட்டரி என்றால் பாதிதான், கணக்கை நம்பி ஏமாறாதீர்கள்.

செட் இருந்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. கஷ்டமே பேசுவதில்தான் இருக்கிறது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரலும் கேட்காது. ஒருவர் தலைமை நிலையமாக இருந்து பேர் சொல்லிக் கூப்பிட, மற்றவர்கள் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். செய்தியை எழுதி, நேரம் போட்டு, எழுதியதை மட்டும் படிக்க வேண்டும். இரைச்சலில் எழுபதா எண்பதா என்று புரியாது. "எட்டு, சைபர்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிப் படிக்க வேண்டும். இதையெல்லாம் புயலன்று கற்றுக்கொள்ள முடியாது. வாரம் ஒரு நாள், வெயில் காயும்போதே பழக வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் செட்டில் பேசுவது குற்றம், நண்பர்களே. மத்திய அரசு தேர்வு வைத்துத் தருகிறது, 12 வயது ஆனாலே எழுதலாம். ரேடியோ தியரி, விதிமுறைகள் என்று இரண்டு பகுதி. தியரியில் பாதி நம் சிலபஸ்தான். தொடக்க நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. பாட்டுப் போடுவது, வியாபாரம் பேசுவது கூடாது. வழி கேட்கச் சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது.

நம் வகுப்பில் ஆறு பேர் எழுதுவதாக இருக்கிறோம். மொட்டை மாடியை அளந்தும் பார்த்துவிட்டோம். மூலைக்கு மூலை 24 மீட்டர் வருகிறது. 40 மீட்டர் அலைவரிசைக்குக் கம்பி கட்டலாம். 80-க்கு மட்டும் எதிரில் இருக்கும் வேப்பமரம் வரை இழுக்க வேண்டும், அதற்கு அனுமதி கேட்டிருக்கிறோம்.