வெள்ளகவி வழி வந்தவர்கள்

கொடைக்கானலுக்கு வழி காட்டியது எந்த ஊர் தெரியுமா? மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி. 1821-இல் நில அளவைக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி வார்டு, குன்னுவர் என்ற மலைவாழ் மக்கள் வாழ்ந்த இந்த ஊரில் தங்கி, இங்கிருந்துதான் மேலே ஏறினார். அன்று கொடைக்கானல் என்று ஒரு நகரமே கிடையாது. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், காய்ச்சலுக்குத் தப்ப 1845-இல் மலைமேல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். நகரம் அங்கிருந்து வளர்ந்தது.

வெள்ளகவியும் கொடைக்கானலும் இருக்கும் பழனி மலைத்தொடருக்குப் புராணத்தில் வராககிரி என்று பெயர். அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைக் காவடியாகச் சுமந்த அசுரன் இடும்பன், அவற்றை இறக்கி வைத்ததும் இதன் வடக்கு அடிவாரமான பழனியில்தான்.

வெள்ளகவியில் வீடுகளுக்கு நடுவே எங்கு திரும்பினாலும் கோயில். ஊரையே கோயிலாகக் கருதுவதால் ஊர்மக்கள் உள்ளே செருப்பு அணிவதில்லை. வட்டக்கானலிலிருந்தோ கும்பக்கரையிலிருந்தோ நடந்து போகிறவர்களே, எல்லையில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். தலைமுறைகளாக அவர்கள் காத்துவரும் மரியாதை அது.