இரட்டைத் தள்ளுவண்டி: அருகருகேயா, முன்பின்னாகவா?

இரட்டையருக்கான தள்ளுவண்டியில் இருக்கைகள் அருகருகே இருக்கும். அல்லது ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். முன்பின் வண்டி குறுகலானது; கடை வாசலிலும் லிஃப்டிலும் எளிதாக நுழையும். நடைபாதை விளிம்பில் ஏற்றும்போதுதான் அதன் குறை தெரியும். கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது பின்சக்கர அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிறது. முன்னிருக்கைக் குழந்தை அச்சிலிருந்து தள்ளி இருப்பதால், அதே எடையைத் தூக்கவும் கூடுதல் விசை வேண்டும். அருகருகே அமர்ந்தால் இருவருமே அச்சுக்குக் கிட்டத்தில் இருப்பார்கள். ஆனால் அகலம் பெரும்பாலும் 75 செ.மீ. அளவில் இருக்கும், வாங்குமுன் வீட்டு வாசலை அளந்துவிட வேண்டும். ஒரு குழந்தை கனமானால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். முன்பின் வண்டியின் கைப்பிடியில் பைகளை மாட்டுவது உண்மையிலேயே ஆபத்து: முன்குழந்தையை இறக்கியதும் வண்டி பின்பக்கம் கவிழலாம். எந்த வகையானாலும், கழுத்து நிற்காத கைக்குழந்தைக்குத் தட்டையாகப் படுக்கவைக்கும் இருக்கையே தேவை.