ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில தொங்கவிடலாமா?

பெட்ரோல் கார்ல சி.என்.ஜி. கிட் போட்டவங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் வர்ற ஒரு சிக்கலைப் பத்தித்தான் இந்தக் காணொளி. சிலிண்டர் டிக்கியில உட்கார்ந்துடுது. அதுக்குக் கீழ குழியில இருக்கிற ஸ்டெப்னியை நடுரோட்டுல எடுக்க வழியே இல்ல. சரி, முன்னாடியே வெளிய எடுத்து சிலிண்டர் பக்கத்துல நிக்க வச்சா, மிச்சம் இருந்த இடமும் போயிடுது. ஊருக்குப் போற குடும்பம் பெட்டியை மடியில வச்சுக்கிட்டா போக முடியும்? அதனாலதான் "ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில மாட்டிடலாமே, இன்னோவாவுல, எர்டிகாவுல எல்லாம் அப்படித்தானே இருக்கு"ன்னு கேக்குறாங்க. கேள்வி ரொம்ப நியாயமானது. என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். கம்பெனியே அடியில வச்சுக் கொடுத்தா அது நல்ல ஏற்பாடு, தாராளமா வாங்கலாம். வாங்கின பிறகு ஒரு பட்டறையில பிராக்கெட் வெல்டு பண்ணி அடியில தொங்கவிடுறது வேண்டவே வேண்டாம். ரெண்டுலயும் டயர் இருக்கிற இடம் ஒண்ணுதான். அப்படியிருக்க பதில் மட்டும் ஏன் வேற வேறயா வருதுன்னு பார்ப்போம்.

டிக்கிக்குள்ள இருக்கும்போது ஸ்டெப்னியோட எடையைத் தாங்குறது வண்டியோட தரை. நடுவுல இருக்கிற பெரிய போல்ட்டு, டயர் ஆடாம பிடிச்சு வைக்கத்தான். அந்த போல்ட்டு லூஸ் ஆனா கடகடன்னு சத்தம் கேக்கும், நீங்க நிறுத்திப் பார்த்து முடுக்கிடுவீங்க. டயர் எங்கயும் போயிடாது. அடியில கொண்டுபோன அந்த நிமிஷத்துல தரைங்கிற தாங்கல் இல்லாம போயிடுது. முழு எடையும் ஒரு கம்பி வடத்துல, இல்ல ஒரு சங்கிலியில, இல்ல ஒரு கொக்கியில வந்து நிக்குது. 15 அங்குல இரும்பு ரிம்மோட ஒரு சாதாரண கார் டயர் சுமார் 15 கிலோ வரும். நின்ன இடத்துல அது 15 கிலோ. வண்டி பள்ளத்துல இறங்கி டக்குன்னு மேல ஏறும்போது, மூணு மடங்கு அதிர்ச்சின்னு வச்சுக்கிட்டா, அதே டயர் ஒரு கணம் 45 கிலோவா கீழ இழுக்கும். ஒரு தடவை இழுத்தா எந்த இரும்பும் அறுந்துடாது. வருஷக்கணக்கா, நாள் தவறாம, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும். கூடவே மழைத்தண்ணி, சேறு, கல்லடி எல்லாம் அது மேல படும். அறுந்து விழுற வரைக்கும் ஓட்டுறவருக்கு ஒரு சத்தமும் கேக்காது. மாறுறது இடம் மட்டும் இல்ல. தரை மேல இருந்த ஒரு பொருள், தொங்குற சுமையா மாறிடுது.

விழுந்தா என்ன ஆகும்னு கொஞ்சம் நிதானமா யோசிங்க. 80 கிலோமீட்டர் வேகத்துல போற கார்ல இருந்து கழண்டு விழுற டயரும் அந்த நேரத்துல அதே வேகத்துலதான் இருக்கு. அந்த வேகத்துல 15 கிலோ டயர்ல இருக்கிற சக்தி, அதை 25 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது ஏழெட்டு மாடிக் கட்டடத்து மேல இருந்து, கீழ போட்டா தரையைத் தொடும்போது இருக்கிற சக்திக்குச் சமம். அது உருண்டு, துள்ளி, எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. நம்ம ரோட்டுல பின்னாடி வர்றது பெரும்பாலும் பைக். அடிபடப் போறது நம்ம வண்டியில இருக்கிறவங்க கிடையாது, பின்னாடி வர்ற ஒரு குடும்பம். இதை என்னால சாதாரணமா எடுத்துக்க முடியல. டிக்கியில நமக்குக் கிடைக்கிற இடத்துக்கு, நம்மளைக் கேக்காத ஒருத்தர் விலை கொடுக்கக் கூடாது.

"இதெல்லாம் கணக்கு, நிஜத்துல நடக்குமா"ன்னு கேட்டா, நடந்திருக்கு. அதுவும் பெரிய கம்பெனி, நல்லா யோசிச்சு வடிவமைச்ச வண்டிகள்ல. 2010 ஏப்ரல்ல டொயோட்டா, அமெரிக்காவுல சியன்னாங்கிற வேன்கள்ல 1998 முதல் 2010 மாடல் வரைக்கும் சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சது. பனிக்காலத்துல ரோட்டுல ஐஸ் உருக உப்புத் தூவுற மாநிலங்கள்ல, அடியில ஸ்டெப்னியைத் தாங்குற கம்பி வடம் உப்பு பட்டு அரிச்சுப் போய், அறுந்து டயர் ரோட்டுல விழ வாய்ப்பு இருக்குங்கிறதுதான் காரணம். அதுக்குச் சில மாசம் முன்னாடி, 2009 நவம்பர்ல, அதே கம்பெனி 2000 முதல் 2003 வரைக்குமான டண்ட்ரா பிக்கப்கள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரத்தைத் திரும்ப அழைச்சது. அங்க பிரச்சினை வடத்துல இல்ல. ஸ்டெப்னி மாட்டியிருந்த சேஸியோட பின்பக்கக் குறுக்குச் சட்டமே துரு பிடிச்சிருந்தது. இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒரு வண்டியில தொங்கவிட்ட கயிறு பலவீனமாச்சு. இன்னொண்ணுல கயிறு கட்டின உத்தரமே பலவீனமாச்சு. தொங்குற சுமைக்கு ரெண்டுமே உறுதியா இருக்கணும், ரெண்டையும் வண்டியோட ஆயுசு முழுக்க யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்.

நம்ம ஊர்ல பனி இல்லையே, உப்பு ஏதுன்னு தோணலாம். சென்னையில இருந்து நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி வரைக்கும் கடற்கரை ஓரமா ஓடுற வண்டிகளுக்கு உப்புக்காத்து தினமும் உண்டு. அதோட வெள்ளம். 2015 டிசம்பர்ல சென்னையில, 2023 டிசம்பர்ல சென்னையிலயும் தூத்துக்குடியிலயும், எத்தனை கார்கள் தண்ணியில நின்னுச்சுன்னு நமக்கு ஞாபகம் இருக்கும். தண்ணி வடிஞ்ச பிறகு இன்ஜினைப் பார்த்தாங்க, சீட்டைக் காய வச்சாங்க. அடியில ஸ்டெப்னி வடத்தை ஏத்தி இறக்குற வின்ச்சைக் கழட்டிக் கிரீஸ் போட்டவங்க ரொம்பக் கம்மியாத்தான் இருப்பாங்க. நிலைமை அமெரிக்கா மாதிரி இல்லைன்னாலும், வடம் அரிக்கிற வேலை ஒண்ணுதான்.

இப்ப கம்பெனியே செய்யும்போது என்ன நடக்குதுன்னு பார்க்கலாம். டாடா மோட்டார்ஸ் 2023 ஆட்டோ எக்ஸ்போவுல இரட்டை சிலிண்டர் முறையைக் காட்டி, அந்த வருஷம் மே மாசம் ஆல்ட்ராஸ் காருல கொண்டு வந்தாங்க. ஒரு பெரிய 60 லிட்டர் சிலிண்டருக்குப் பதிலா ரெண்டு 30 லிட்டர் சிலிண்டர். ஒவ்வொண்ணும் ஒல்லியா இருக்கிறதால டிக்கி தரைக்குக் கீழ அடங்கிடுது. ஆனா அந்த இடம் முன்னாடி ஸ்டெப்னியோட இடம். அதனால ஸ்டெப்னி வண்டிக்கு அடியில போயிடுச்சு. பெட்ரோல் ஆல்ட்ராஸ்ல 345 லிட்டர் டிக்கி, சி.என்.ஜி.யில 210 லிட்டர். குறைஞ்சிருக்கு, ஆனாலும் பெட்டி வைக்கலாம். இங்க கவனிக்க வேண்டியது அந்த லிட்டர் கணக்கு இல்ல. ஒரு கம்பெனி இப்படி மாத்தும்போது பின்பக்கச் சட்டத்துல எங்க மாட்டணும், சைலன்சர் சூடு டயர்ல படாம எவ்வளவு இடைவெளி வேணும், வண்டி முழு பாரத்தோட அமுங்கும்போது டயர் எதுலயாவது இடிக்குமா, பின்னாடி இருந்து ஒரு லாரி மோதினா அந்த இரும்பு ரிம் முன்னாடி நகர்ந்து எதைக் குத்தும், இதையெல்லாம் சேர்த்துத்தான் முழு வண்டியையும் சோதிக்கிறாங்க. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்கள்ல வடத்தோட ரெண்டாவதா ஒரு தாழும் வச்சாங்க. வடம் அறுந்தாலும் டயர் கீழ விழாம அந்தத் தாழ் பிடிச்சுக்கும். தரையை எடுத்துட்டா அதுக்கு ஈடா என்ன வைக்கணும்னு யோசிச்சதோட அடையாளம் அது.

பட்டறையில அந்த யோசனைக்கு இடம் இல்ல. நம்ம மெக்கானிக்குகளோட கைத்திறமையில எனக்குச் சந்தேகமே கிடையாது. வெல்டிங் அருமையா இருக்கலாம். ஆனா எது மேல வெல்டு பண்றாங்க? கார் டிக்கியோட தரை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. அது மேல வச்ச பொருளைத் தாங்கத்தான் வளைச்சு மடிச்சுச் செஞ்சிருக்காங்க, கீழ இருந்து இழுக்கிற சுமைக்காக இல்ல. வெல்டிங் சூட்டுல, துரு பிடிக்காம இருக்கப் பூசின பூச்சு எரிஞ்சு போயிடும். துரு முதல்ல அங்கதான் ஆரம்பிக்கும், விரிசலும் வெல்டு ஓரத்துலதான் விழும். சிறிய கார்ல பின்பக்கம் தரைக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடமும் கொஞ்சம்தான். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலத்துல, 10 சென்டிமீட்டர் உயரத்துல, மெதுவா ஏறி இறங்குற மாதிரி இருக்கணும். நம்ம தெருவுல இருக்கிறது எப்படின்னு உங்களுக்கே தெரியும். நாலு பேரும் சாமானும் ஏறின கார்ல, அடியில தொங்குற டயர்தான் முதல்ல அதுல உரசும். ஒவ்வொரு உரசலும் அந்த வெல்டிங்கை ஒரு தடவை பின்னாடி இழுக்கும்.

"சி.என்.ஜி. கிட் போடவே அனுமதி இருக்கே, இதுக்கு மட்டும் ஏன் தயக்கம்"னு சிலர் கேக்குறாங்க. இந்த எதிர்க்கேள்வி எனக்குப் பிடிச்சது, ஏன்னா பதில் அதுக்குள்ளயே இருக்கு. கிட்டுக்கு அரசு அங்கீகாரம் வேணும், ஆர்.சி.யில பதிவு பண்ணணும், 200 பார் அழுத்தத்துல நிக்கிற சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கணும். அதாவது ஆபத்தான ஒரு பொருளை வண்டியில ஏத்தும்போது, அதைத் தொடர்ந்து பார்க்க ஒரு ஆளும் ஒரு தேதியும் இருக்கு. பட்டறை பிராக்கெட்டுக்கு அப்படி யாரும் இல்ல. ஸ்டெப்னி எங்க இருக்கணும்னு ஆர்.சி.யில எழுதியிருக்காது. மாட்டினவர் அன்னைக்கு ஒரு தடவை ஆட்டிப் பார்த்ததோட சரி.

இன்னொரு வாதமும் உண்டு. எடை கீழ போனா வண்டி ரோட்டைப் பிடிச்சு ஓடும்னு சொல்வாங்க. ஆயிரம் கிலோ காருல 15 கிலோவை 30 சென்டிமீட்டர் கீழ இறக்கினா மொத்த ஈர்ப்பு மையம் சுமார் நாலரை மில்லிமீட்டர்தான் இறங்கும். அது யாருக்கும் தெரியாது. உண்மையான லாபம் ஒண்ணே ஒண்ணு: டிக்கி நிறைய சாமான் இருக்கும்போது பஞ்சர் ஆனா, அதையெல்லாம் ராத்திரியில ரோட்டோரம் இறக்கி வைக்க வேண்டியதில்ல. அது பெரிய லாபம்தான், அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ஸ்டெப்னியே எதுக்குன்னு கேக்குறவங்களுக்கும் பதில் சொல்லணும். 2020 அக்டோபர்ல இருந்து, ட்யூப்லெஸ் டயரும், காத்து குறைஞ்சா எச்சரிக்கிற கருவியும், பஞ்சர் கிட்டும் இருக்கிற கார்ல ஸ்டெப்னி கட்டாயம் இல்லைன்னு விதி மாறியிருக்கு. நகரத்துக்குள்ளயே ஓடுற கார்னா அது போதும். ஆனா பஞ்சர் கிட், ஆணி குத்தின சின்ன ஓட்டைக்குத்தான். பள்ளத்தோட கூர் விளிம்புல பட்டு டயரோட பக்கவாட்டுச் சுவர் கிழிஞ்சா, எந்தப் பசையும் அதை அடைக்காது. ராத்திரி விழுப்புரம் தாண்டி அப்படி நின்னா ஸ்டெப்னியோட அருமை தெரியும்.

அப்ப வெளிய கிட் போட்டவங்க என்ன செய்யலாம்? டிக்கியிலேயே வச்சுக்கோங்க, ஆனா சும்மா சாய்ச்சு வைக்காதீங்க. மோதல்ல வண்டி நிக்கிற வேகத்துல, 25 மடங்குன்னு எடுத்தா, அந்த 15 கிலோ டயர் 375 கிலோ மாதிரி பின்சீட்டைத் தள்ளும். பின்சீட்டுல இருக்கிறது நம்ம பிள்ளைங்க. வண்டியோட சட்டத்துல போல்ட்டு போட்டு, நல்ல பட்டையால கட்டுங்க. சிலிண்டர்லயோ அதோட வால்வுலயோ கட்டவே கூடாது. உங்க வண்டிக்குப் பொருந்துற ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி கிடைச்சா பாதி இடம் மிச்சமாகும். அதுல பொதுவா 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, காத்தும் 60 பி.எஸ்.ஐ. வைக்கணும்.

கம்பெனியே அடியில வச்ச வண்டி உங்களுதுன்னா, அதுக்கு நீங்க கொடுக்க வேண்டியது கவனிப்பு. டயர்ல மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பி.எஸ்.ஐ. தானா குறையும். வருஷம் பூரா தொடாம விட்டா 33-ல இருந்தது இருபது சொச்சத்துக்கோ அதுக்கும் கீழயோ வந்திருக்கும், தேவைப்படுற அன்னைக்கு உதவாது. அதனால ஒவ்வொரு சர்வீஸ்லயும் ஸ்டெப்னியைக் கீழ இறக்கச் சொல்லுங்க. காத்து பார்த்து, வடத்துல ஒரு இழை கூடப் பிரியலையான்னு பார்த்து, வின்ச்சுக்குக் கிரீஸ் போடச் சொல்லுங்க. பில்லுல அது தனி வரியா வரட்டும். பஞ்சர் ஆகுற அன்னைக்கு, ஜாக்கி போடுறதுக்கு முன்னாடியே ஸ்டெப்னியை இறக்கி வெளிய இழுத்துடுங்க. ஜாக்கியில நிக்கிற வண்டிக்கு அடியில கையையோ தலையையோ விடாதீங்க. வேலை முடிஞ்சு பஞ்சரான டயரை மேல ஏத்தும்போது, வடத்து நுனியில இருக்கிற தட்டு ரிம் நடுவுல சமமா உட்கார்ந்திருக்கான்னு பார்த்து, கையேட்டுல சொன்ன அளவுக்கு இறுக்கி, ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் ஆடினாலும் வண்டியை எடுக்காதீங்க, இறக்கி மறுபடி ஏத்துங்க.