உயர்தரம் முடித்த மகளுக்கு அடுத்தது என்ன?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து இரண்டு நாட்களின் பின் வலிகாமம் வடக்கில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மீளக்குடியேறிக் கட்டிய சிறு வீடு. விறாந்தையில் தையல் இயந்திரம், அதன்மேல் பாதி தைத்த பாடசாலைச் சீருடை. இளைய மகள் வணிகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள். ஆனாலும் வீடு செத்தவீடு போலத்தான் கிடந்தது.

"போன வருச வெட்டுப்புள்ளியைப் பாத்தால் கம்பஸ் கிடைக்காதாம் தங்கச்சி. இனி இவளை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்றார் தாய். 2009இல் கணவர் காணாமற்போன பின்னர் தையலை நம்பியே இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

சித்தியடைந்த பிள்ளையைத் தோற்றவளாக ஆக்கிவிடும் இந்தப் பழக்கம் எங்களிடம் எப்படி வந்தது? 2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் நாடு முழுவதிலும் 1 இலட்சத்து 66 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றார்கள். இடம் இருந்ததோ ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான். 2001 முதல் இசட் புள்ளியை வைத்தே தெரிவு நடக்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் போகின்றது. ஆகவே வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை படிக்காதவள் அல்ல. கதிரைகள் முடிந்துவிட்டன, அவ்வளவுதான்.

'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்' என்று சொல்லி வளர்ந்த ஊர் எங்களுடையது. அந்தக் கோறணமேந்து எல்லோருக்கும் வேலை தருவதை நிறுத்தி நெடுங்காலமாகிவிட்டது. 2017இல் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்ததை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். நான் 2008இல், ஏ-9 பாதை மூடிக்கிடந்த காலத்தில், உயர்தரம் எழுதினேன். சமூகவியலை நான் தெரிவு செய்தேன் என்று சொல்வது பாதிப் பொய். என் புள்ளிதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. பிறகுதான் அது எனக்குப் பிடித்துப்போனது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

அந்த வீட்டின் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. மூத்தவளுடையது. தாய் தன் காப்பை அடைவு வைத்துத் தனியார் நிலையமொன்றில் கணினி டிப்ளோமா படிக்கவிட்டிருந்தார். நேர்முகத் தேர்வுக்குப் போன இடங்களில் என்.வி.கியூ. இருக்கிறதா என்று கேட்டார்கள். அவளிடம் இல்லை. காப்பும் இன்றுவரை மீளவில்லை.

என்.வி.கியூ. என்பது தேசிய தொழிற்தகைமை. அதில் ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமமானது. ஐந்து, ஆறை முடித்தவர்கள் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். எனவே உயர்தரத்தோடு மூடிய கதவு இந்த வழியால் திரும்பவும் திறக்கக்கூடும். காசு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? நீங்கள் சேரப்போகும் அந்தக் கற்கைநெறிக்கே தரச்சான்று உண்டா? முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் என்.வி.கியூ. வராது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அரசாங்க நிறுவனங்களும் எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியும், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற உயர் தேசிய டிப்ளோமாக்களை நடத்தும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகமும் உள்ளன. கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி, கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம். தாதியர் பயிற்சிக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் வர்த்தமானி வழியாகவே விண்ணப்பம் கோருவார்கள். திகதி தவறினால் அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்று தடவை பரீட்சை எழுதலாம் என்பதற்காக மூன்றாவது தடவையும் பிள்ளையை ரியூசனுக்கும் வீட்டுக்குமாக நடக்க விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதட்டும், ஆனால் பக்கத்தில் ஒரு தொழிலையும் பழகட்டும்.

இவ்வளவையும் நானும் தாயுமே பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டபோது, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படிக்க விருப்பம் என்றாள். பெரியம்மா செய்கிற பனாட்டும் ஒடியல்மாவும் பழுதாகாமல், நல்ல பொதியில் கடைக்குப் போகவேண்டுமாம்.

தாய்க்குப் பயம் வந்துவிட்டது. "கிளிநொச்சியிலை தங்கிப் படிக்கிறதோ? பெட்டைப்பிள்ளை. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்கை சனம் என்ன சொல்லும்?" இந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளை நாங்கள் கண்முன்னே வைத்திருக்க நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் போய்ப் பார்க்காமல் மறுக்க வேண்டாம் என்றேன். ஒரு நாள் தாயும் மகளும் பஸ்ஸில் போய், விடுதி எப்படி, பொறுப்பாக இருப்பவர் யார் என்று நேரில் பார்த்து வந்தார்கள்.

விண்ணப்பம் நிரப்பும்போது இன்னொரு தடை. தகப்பன் விபரம் கேட்ட இடத்தில் பிள்ளை பேனாவை நிறுத்திவிட்டாள். "இறந்தவர் எண்டு எழுதாதை" என்று தாய் குரலை உயர்த்தினார். எழுதத் தேவையில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, காணப்படாமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். உதவிப்பணத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் வருமான விபரம் கேட்கும்போது இத்தகைய ஆவணம் கைகொடுக்கும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். போரில் கடதாசிகளை இழந்த எங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதல் நாள் எடுக்கிற வேலை.

விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போது, பல வருட அனுபவமுள்ளவர்கள் படிக்கப் போகாமலே தங்கள் திறமையைக் காட்டி என்.வி.கியூ. பெறும் முறையும் உண்டு என்று தாயிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தார்.

"அதென்ன, எழுதிற சோதினையோ, இல்லாட்டித் தைச்சுக் காட்டுறதோ?"

"தைச்சுக் காட்டவேணும் அக்கா. கேள்வியும் கேப்பினம்."

"அப்ப அதுக்கும் ஒரு போம் எடுத்துத் தாரும்" என்றார்.