கறுப்பு கோட்டா, ஆலிவ் கிரீனா?

எல்.எல்.பி. கடைசி வருஷமா? ‘சீனியர் ஆபீஸ்ல கட்டு தூக்குறதைத் தவிர வேற வழியே இல்லையா பாஸ்?’னு புலம்புறீங்களா? ராணுவத்துல வக்கீல்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கு. பெயர், ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல். செல்லமா ‘ஜாக்’.

ஆனா, சிப்பாய்க்காக மேஜையைத் தட்டி வாதாடுற சினிமாக் கனவோட போகாதீங்க. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் நீதிபதிகளாக உட்காருவார்கள். அவங்க சட்டம் படிச்சிருக்கணும்னு கட்டாயமில்லை. அதனால பக்கத்துல ஒரு ஜட்ஜ் அட்வகேட் இருந்தே ஆகணும். தீர்ப்புல அவருக்கு ஓட்டு கிடையாது. சட்டம் என்ன சொல்லுதுன்னு எடுத்துச் சொல்றதுதான் வேலை. கேட்பவர் தோளில் உங்களைவிட அதிக நட்சத்திரம் இருக்கலாம். அப்பவும் ‘சார், இது சட்டப்படி செல்லாது’ன்னு சொல்லத் தெரியணும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ரஞ்சித் தாக்கூர் வழக்கைத் தேடிப் படிங்க. மேலதிகாரி மேல புகார் அனுப்பியதால் சிறையில் இருந்த சிப்பாய், 1985-ல் சாப்பிட மறுத்தார். அதுக்கு ஒரு வருஷக் கடுங்காவல், வேலையும் காலி! விசாரித்த சம்மரி கோர்ட் மார்ஷலில், அவர் யார் மேல புகார் சொன்னாரோ அதே அதிகாரி உட்கார்ந்திருந்தார். 1987-ல் சுப்ரீம் கோர்ட் அத்தனையையும் ரத்து செய்தது.

சரி, உள்ளே போவது எப்படி? வயசு 21 முதல் 27. சட்டத்தில் 55 சதவிகித மார்க், பார் கவுன்சிலில் பதிவு செய்யும் தகுதி. இப்போ முதுநிலை ‘கிளாட்’ ஸ்கோரும் கேட்கிறாங்க. அப்புறம் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு. சட்டத்தைவிட உங்க ஆளுமையைத்தான் அங்கே துருவுவாங்க. தேறினால் 49 வாரப் பயிற்சி நம்ம சென்னை பரங்கிமலையில். லெப்டினன்ட்டாக வெளியே வரலாம். முதல் ஒப்பந்தம் பத்து வருஷம், நாலு வருஷம் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணிக்கும் வாய்ப்புண்டு. அதுவரை கோர்ட் பிராக்டீஸுக்கு லீவு!

தோழிகளே, உங்களுக்கு ஒரு சேதி. 2023 அறிவிப்பில் ஆண்களுக்கு 6 இடம், பெண்களுக்கு 3. தேர்வான ஆணைவிட அதிக மார்க் எடுத்தும் வெளியே நின்ற பெண்கள் வழக்குப் போட்டாங்க. 2025 ஆகஸ்ட்டில், அந்தப் பங்கீடே செல்லாது, ஒரே மெரிட் லிஸ்ட் போடுங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ராணுவ வக்கீல் ஆகுறதுக்கு முன்னாடியே ராணுவத்துக்கு எதிராகக் கேஸ் ஜெயிச்சிருக்காங்க!